ஆர்பிஜி ஊர் மேப்: எல்லாம் இருக்கிறது, ஆனால் ஊராகத் தெரியவில்லை

பிக்சல்பூனை:

ஆர்பிஜி (கதாபாத்திரமாகி விளையாடும் ஆட்டம்) செய்யும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்இசட்டில் என் கதையின் முதல் ஊரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 80-க்கு 60 டைல் (மேப்பை நிரப்பும் சின்னச் சதுரப் படம்). நடுவில் கிணறு, அதைச் சுற்றிச் சதுக்கம், சத்திரம், ஆயுதக் கடை, மருந்துக் கடை, கோயில், பத்துப் பன்னிரண்டு வீடு, வெளியே கோட்டைச் சுவர், நான்கு பக்கமும் வாசல். எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் ஓடவிட்டுப் பார்த்தால் சாமான்களை அடுக்கி வைத்த மாதிரிதான் இருக்கிறது. பீப்பாய், பூந்தொட்டி, வைக்கோல் கட்டு என்று காலி இடத்தில் எல்லாம் போட்டு நிரப்பியும் பார்த்தாயிற்று, நெரிசல்தான் கூடியது. மேப்பின் படத்தை இணைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாம் காலி மேப்பைத் திறந்ததும் முதல் டைலை எதற்கு வைக்கிறீர்கள்? வீட்டுக்கா, தெருவுக்கா, சுவருக்கா?

வரைகோல்:

டைல் வைப்பதற்கு முன்னால், மேப்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் கிறுக்கிக்கொள்வேன். நான்கு வாசல் வைத்திருக்கிறீர்கள், சரி, நான்கு வழியும் எங்கே போகிறது? கோட்டைவாசல் என்றால் காவலுக்கு ஆள் வேண்டும், சுங்கம் வாங்க ஆள் வேண்டும், ராத்திரி பூட்ட வேண்டும், எதிரி வந்தால் முதலில் முட்டுவதும் அங்கேதான். தேவையில்லாமல் யாரும் இன்னொன்று திறக்க மாட்டார்கள். வடக்கே வெறும் காடு என்றால் வடக்கு வாசலை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கம் போகும் தெரு தானாகச் சந்தாகச் சுருங்கிவிடும், நான்கு பக்கமும் ஒரே அளவாக இருப்பதும் அதோடு போய்விடும்.

அடுத்து, இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது? ஆற்றைக் கடக்கத் தோதான இடம், கணவாயின் வாய், துறைமுகம், சுரங்கம், ஏதோ ஒரு காரணம் வேண்டும். கிங்டம் கம் டெலிவரன்ஸ் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தில் வரும் குட்டன்பெர்க் நிஜ ஊர், இன்றைய செக் நாட்டின் குட்னா ஹோரா. வெள்ளிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. வெள்ளி இல்லையென்றால் அங்கே அவ்வளவு பெரிய ஊருக்கு வேலையே இல்லை.

உங்களுடையதை ஆற்றுப் பாலத்து ஊர் என்று வைத்துக்கொள்வோம். பாலத்துக்கு வரும் வண்டிப்பாதைதான் பெரிய தெரு. அதை யாரும் நூல் பிடித்துப் போட்டிருக்க மாட்டார்கள், சேற்று நிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்த பாதை என்பதால் ஓரிடத்திலாவது வளையும். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும், தேங்கி நிற்கிற இடத்தில் விற்பவன் வந்து உட்காருவான், சந்தை அங்கேதான். எனவே சதுக்கம் ஊரின் நட்டநடுவில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சந்தைத் தெருவைப் பார்த்து இடம் பிடிக்க எல்லோருக்கும் ஆசை என்பதால் மனைகள் முன்பக்கம் குறுகி, பின்னால் நீண்டு கிடக்கும். இடைக்கால ஐரோப்பிய ஊர்களின் வரைபடம் எதை எடுத்தாலும் இந்த ஒல்லி மனைகளைப் பார்க்கலாம்: முன்னால் கடை, மேலே குடித்தனம், பின்னால் முற்றம், பட்டறை, கொல்லைப்புறம், கொல்லைக்கு அப்பால் ஒரு பின்சந்து. உங்கள் மேப்பில் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் நான்கு பக்கமும் புல்தரை இருக்கிறது. அடுக்கி வைத்த மாதிரி தெரிவது அதனால்தான். பெரிய தெருவில் வீடுகளின் பக்கச் சுவர்களை ஒட்டிவிடுங்கள், புல் எல்லாம் கொல்லைக்குப் போகட்டும்.

அப்புறம் தண்ணீரும் நெருப்பும். குடிநீர் எடுப்பது ஆற்றின் மேல்பக்கம், தோல் பதனிடுவதும் சாயம் தோய்ப்பதும் கீழ்ப்பக்கம். நெருப்பு வைத்துச் செய்யும் தொழில் நெருக்கமான மரவீடுகளுக்கு நடுவே இருக்காது. வெனிஸில் 1291-இல் கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ தீவுக்கு அனுப்பினார்கள், தீ பயம்தான் காரணம். உங்கள் கொல்லன் பட்டறை இரண்டு வைக்கோல் கூரைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

சதுரக்குதிரை:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளையாடுகிறவன் தோல் பட்டறை ஆற்றின் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்றா பார்க்கப் போகிறான்? குகையிலிருந்து அடிவாங்கி வருகிறான். சத்திரத்தில் தூங்க வேண்டும், கிடைத்ததை விற்க வேண்டும், சேவ் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவனுக்கு உங்கள் வளைந்த தெருவும் பின்சந்தும் தொந்தரவு. மாரோவிண்ட் ஆட்டத்தில் வரும் விவெக் நகரத்துக்கு உள்கதையில் ஆயிரம் காரணம் இருக்கும், ஆனால் ஒரே மாதிரி பிரம்மாண்டமான அடுக்குக் கட்டடங்கள், நடுவே கால்வாய், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததுதான் என் நினைவில் இருக்கிறது. நம்பும்படி இருப்பது வேறு, விளையாடும்படி இருப்பது வேறு. முதல் ஊர் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

வரைகோல்:

விவெக் விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் இது இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். அடிவாங்கி வருகிறவன் யார்? வெளியூர்க்காரன். ஊரின் பிழைப்பே வெளியூர்க்காரனை நம்பித்தான் என்றால் அவனுக்கு வேண்டியதை எல்லாம் அவன் வரும் வழியிலேயே வைத்திருப்பார்கள். சத்திரம் வாசலுக்குப் பக்கத்தில், லாயம் வாசலுக்கு வெளியே, லாடம் அடிப்பவன் அதன் அருகே, சந்தை அந்தத் தெரு முடியும் இடத்தில். உள்ளூர்க்காரனுக்கு வேண்டியது எல்லாம், அதாவது பொதுக்கிணறு, மாவு ஆலை, பள்ளி, துணி துவைக்கும் துறை, வழக்கு பேசும் இடம், இரண்டாம் வரிசைக்குப் போய்விடும்.

ஸ்கைரிம் ஆட்டத்தில் வரும் வைட்ரன் நகரம் இதற்கு நல்ல உதாரணம். லாயமும் பண்ணைகளும் சுவருக்கு வெளியே. வாசலுக்குள் நுழைந்ததுமே வலப்பக்கம் கொல்லன் கடை. நேரே நடந்தால் சந்தை, சந்தையைப் பார்த்தபடி சத்திரம். இன்னும் மேலே ஏறினால் பெரிய வீடுகள், உச்சியில் அரண்மனை. அரண்மனை வாசலிலிருந்தே கண்ணில் படுகிறது, அதனால் கதை 'போய்த் தலைவரைப் பார்' என்றதும் யாரும் வழி கேட்பதில்லை. அதே நேரத்தில் ஒரு வணிக ஊர் அப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றுகிறது.

எனவே நான் மேப் போடும்போது ஒரே ஊரை இரண்டு ஊராக நினைத்துக்கொள்வேன், வந்தவன் ஊர் ஒன்று, இருப்பவன் ஊர் ஒன்று. வந்தவன் ஊர் நேராக, அகலமாக, பெயர்ப்பலகையோடு இருக்கட்டும். இருப்பவன் ஊர் குறுகலாக, பலகை இல்லாமல் இருக்கட்டும், அங்கே யாருக்கு எந்த வீடு என்று உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், பலகை எதற்கு? முதல் தடவை வருகிறவன் வந்தவன் ஊரோடு திரும்பிவிடுவான். குவெஸ்ட் (ஆட்டத்தில் கொடுக்கப்படும் வேலை) ஒன்று அவனை இரண்டாம் வரிசைக்கு அனுப்பும்போதுதான் ஊர் பெரிதாகும், ஒரு டைல்கூட கூடுதலாகப் போடாமல்.

சதுரக்குதிரை:

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா ஊரும் வெளியூர்க்காரனை நம்பிப் பிழைப்பதில்லையே? மடத்தைச் சுற்றி எழுந்த ஊர், படை முகாம், மீன்பிடிக் குப்பம்?

வரைகோல்:

அங்கே வந்தவன் ஊர் இருக்காது, இல்லாததும் தெரிய வேண்டும். குப்பத்தில் சத்திரமே வேண்டாம். யாராவது வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கொடுப்பார்கள், விற்பதற்குக் கடை கிடையாது, படகு வந்த நேரத்தில் போனால் மட்டும் வாங்குவார்கள். 'இது நமக்கான ஊர் இல்லை' என்று விளையாடுகிறவனுக்கு அங்கேயே உறைக்கும். கூட வலை, உலர்த்தும் பந்தல் என்று நிறையப் போட்டு நிரப்ப வேண்டியதில்லை. படை முகாம் நேர்மாறு, ஒருவரே ஒருநாள் திட்டம் போட்டுக் கட்டுவது, அங்கே நேர்க்கோடும் சமச்சீரும்தான் இயல்பு. அல்ஜீரியாவில் இருக்கும் ரோமானிய ஊர் திம்காத்தின் வரைபடத்தைப் பாருங்கள், சதுரங்கப் பலகை போல வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நிலவறை:

முப்பரிமாணத்தில் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எவ்வளவுதான் காரணம் யோசித்தாலும் கடைசியில் ஊரைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். வைட்ரனிலேயே வீடுகளை எண்ணினால் ஒரு சிறு கிராமத்துக்குத்தான் காணும். அந்த உலகத்தில் அதற்குப் பெருநகரம் என்று பெயர். யாரும் அதை எண்ணுவதில்லை, ஏனென்றால் சுருக்கியதில் ஒரு முறை இருக்கிறது.

ஒரே வகையில் பத்து இருந்தால் ஒன்றாக்கலாம், ஆனால் வகையையே எடுத்துவிடக் கூடாது. பத்து ரொட்டிக் கடை இருக்கும் நகரத்தில் ஒன்றைக் காட்டினால் போதும், ஒன்றுகூட இல்லையென்றால் இவர்கள் எல்லாம் எதைத் தின்கிறார்கள் என்ற கேள்வி வரும். பலர் செய்வது தலைகீழ்: ஆயுதக் கடை மூன்று, தானியக் களஞ்சியம் பூஜ்யம். அதே போல விளையாடுகிறவனுக்கு எந்த வேலையும் இல்லாத கட்டடம் சிலவாவது வேண்டும். திறக்காத கதவு இருந்தால் தப்பில்லை, ஆனால் திறக்கும் கதவும் திறக்காத கதவும் ஒரே படமாக இருந்தால் எரிச்சல் வரும். எங்கள் ஆட்டத்தில் திறக்கிற கதவுக்கு மட்டும் வாசற்படியும் மேலே விளக்கும் வைத்தோம், யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுருக்கக் கூடாதது தெரு அகலம். கேமரா முதுகுக்குப் பின்னால் வருகிற ஆட்டம் என்றால் நிஜ ஊரின் சந்து அகலத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள், திரும்பும்போதெல்லாம் கேமரா சுவரில் முட்டும். கதவும் கூரையும்கூட நிஜத்தை விட உயரமாக வேண்டும். அதனால்தான் பல ஆட்டங்களில் வீட்டுக்குள் போனால் வெளியே பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது, பழகிப்போனதால் நாம் கண்டுகொள்வதில்லை. இரண்டு மாடி வீட்டுக்குள் நுழைந்தால் மாடிப்படியே இல்லை என்பதைத்தான் கண்டுகொள்வோம்.

இன்னொன்று, போக முடியாத ஊரைக் காட்டுவது. சுவருக்கு மேலே தெரியும் கூரைகள், பூட்டிய கம்பிக் கதவுக்கு அப்பால் வளைந்து மறையும் தெரு, ஆற்றின் அக்கரையில் புகைபோக்கிகள். செலவு மிகக் குறைவு. ஆனால் அங்கே போகவே முடியாது என்பதற்குக் காரணம் ஒன்று வேண்டும், பெட்டி இரண்டைக் குறுக்கே போட்டு அடைத்தால் கோபம்தான் வரும்.

பிக்சல்பூனை:

எல்லோருக்கும் நன்றி, வடக்கு வாசலை எடுத்துவிட்டேன், உடனே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் வீடுகளை ஒட்டிப் போட ஆரம்பித்ததும் வேறு சிக்கல். என் டைல்செட்டில் (மேப் போடப் பயன்படும் டைல் தொகுப்பு) எல்லா வீட்டுக்கும் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, அதாவது கதவு கீழ்நோக்கித்தான் வரும். தெருவின் வடக்கு வரிசை சரி. தெற்கு வரிசை வீடுகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலிருந்து பார்க்கிற 2டியில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இரவுக்காவல்:

இதற்குத்தான் காத்திருந்தேன். நிஜ ஊர் வரைபடத்தை அப்படியே டைலில் போட்டால் வேலைக்காகாததற்கு முதல் காரணமே இதுதான். நமக்குத் தெரிவது தெற்குச் சுவர் மட்டும். எனவே கிழக்கு மேற்காக ஓடும் தெருவுக்கு இருபுறமும் வீடு வைக்க நினைக்காதீர்கள். வடக்குப் பக்கம் வீடு, தெற்குப் பக்கம் தாழ்வான ஏதாவது: ஆற்றங்கரை, சந்தைக் கடைகளின் துணிப்பந்தல், தோட்ட வேலி, கோட்டைச் சுவரின் உட்புறம். ஆற்றோரத் தெரு உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும்.

இதைவிட நல்ல வழி, ஊரையே சரிவில் ஏற்றிவிடுவது. மேப்பின் கீழ்ப்பக்கம் ஆறு, மேல்பக்கம் குன்று. ஒவ்வொரு தெருவும் ஒரு படிக்கட்டு மாதிரி, வடக்கே வீட்டு வரிசை, தெற்கே அரை ஆள் உயரத் தாங்குசுவர், அதற்குக் கீழே அடுத்த வரிசை வீடுகளின் கூரைகள். கூரை தெருவுக்குக் கீழே இருப்பதால் முதுகு காட்டுகிற மாதிரியே தோன்றாது, 'கீழ்த்தெரு வீட்டுக் கூரை' என்று கண் தானாக எடுத்துக்கொள்ளும். தெருக்களைச் சேர்க்க மூன்று டைல் அகலத்தில் படிகள் போதும். வண்டி போக ஒரு சாய்வுப்பாதை மட்டும் சுற்றி வரட்டும். வண்டி ஏற முடியாத மேல்தெருவில் வாடகை குறைவா, அல்லது காற்றும் காட்சியும் நன்றாக இருப்பதால் பணக்காரர்கள் அங்கேயா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுமே பொருந்தும், ஆனால் முடிவு செய்ததற்கு ஏற்றபடி ஜன்னலும் சுவரும் மாற வேண்டும்.

வடக்கு தெற்காக ஓடும் தெருவில் வீடுகளின் பக்கச் சுவர்தான் தெருவைப் பார்க்கும். அங்கே இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சின்ன முற்றம் விட்டு, முற்றத்துக்குள் கதவு வையுங்கள். தெருவில் தெரிவது முற்றத்தின் வாயில் மட்டும். வரைகோல் சொன்ன ஒல்லி மனை இப்படித்தான் 2டியில் வரும், நீளவாக்கில் இல்லாமல் குறுக்குவாக்கில்.

சந்து எதுவும் ஒரு டைல் அகலத்தில் வேண்டாம். தானாக அலையும் என்பிசி (ஆட்டமே இயக்கும் ஊர்க்காரர்) ஒன்று அதற்குள் வந்து நின்றால் விளையாடுகிறவன் மாட்டிக்கொள்வான். குறைந்தது இரண்டு. கட்டாயம் ஒன்றுதான் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் வராதபடி என்பிசியின் நகர்வைக் கட்டுப்படுத்துங்கள்.

80-க்கு 60 என்பதும் முதல் ஊருக்குக் கொஞ்சம் தாராளம். எம்இசட்டில் வழக்கமான திரை அளவில் ஒரு நேரத்தில் தெரிவது 17-க்கு 13 டைல். உங்கள் மேப்பில் குறுக்கே நடந்தால் ஐந்து திரைக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு திரையிலும் கண்ணுக்கு ஒரு புதிய விஷயமாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத திரையை வெட்டி எறியுங்கள்.

ஆந்தைக்கண்:

இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு யோசிப்பதற்குப் பதில் வட்டாபூ என்பவரின், ஊர் வரைபடத்தைத் தானாக வரையும் இடைக்கால நகர ஜெனரேட்டரில் பட்டனை அழுத்தினால் சுவர், ஆறு, தெரு, பேட்டை எல்லாம் நொடியில் வந்துவிடுகிறதே? அதை வைத்துக்கொண்டு மேலே டைலை ஒட்டினால் போதாதா?

நிலவறை:

நானும் அதைப் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. முக்கியமாக, தெருக்கள் எந்தக் கோணத்தில் சேர்கின்றன, பேட்டைகளின் ஓரம் எப்படி வளைகிறது என்று கண்ணைப் பழக்க அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் அது தருவது மேலிருந்து பார்க்க அழகான படம். உங்கள் கதையில் திருடன் எந்த வழியாகத் தப்பித்தான் என்று அதற்குத் தெரியாது. நான் பத்துப் பதினைந்து படம் எடுத்து, பிடித்த ஒரு மூலையை மட்டும் வெட்டிக்கொள்வேன்.

வரைகோல்:

ஜெனரேட்டரில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாத் தெருவுக்கும் ஒரே வயது. நிஜ ஊர் அப்படி இருப்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ரோமில் பியாத்ஸா நவோனா என்கிற சதுக்கம் ஏன் அவ்வளவு நீளமாக, ஒரு முனை வளைந்து இருக்கிறது? அடியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கு இருக்கிறது, சுற்றியுள்ள கட்டடங்கள் அதன் இருக்கை வரிசைகளின் மேல் எழுந்தவை. லூக்கா நகரத்தில் பழைய வட்டரங்கின் மேல் வீடு கட்டிக் கட்டி, இன்று நடுவில் முட்டை வடிவில் ஒரு சதுக்கம். ஜெர்மனியில் நோர்ட்லிங்கன் என்று வட்டமான கோட்டை ஊர் ஒன்று இருக்கிறது, அதற்குள்ளே இன்னொரு வட்டமாகத் தெரு ஓடும். ஊர் சின்னதாக இருந்தபோது சுவர் நின்ற இடம் அது. வியன்னாவில் 1857-இல் பேரரசர் கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவு போட்டார், சுவர் போன இடம்தான் இன்றைய ரிங்ஸ்ட்ராஸே என்ற அகலச் சாலை.

எனவே நான் ஊரை இரண்டு தடவை போடுவேன். முதலில் கதை நடப்பதற்கு இருநூறு வருடம் முந்தைய ஊர்: பாலம், ஒரு தெரு, சின்னதாக ஒரு சுவர், பத்து வீடு. அதை அப்படியே நகல் எடுத்து, ஒரு சம்பவம் நடந்ததாக வைத்துக்கொண்டு சிதைப்பேன். தீப்பிடித்ததா, வெள்ளம் வந்ததா, திடீரென்று பணம் கொட்டியதா, ஏதாவது ஒன்று போதும். உதாரணத்துக்கு உங்கள் பாலத்தை எடுத்துக்கொள்வோம். பழைய மரப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது, கொஞ்சம் தள்ளிக் கல்பாலம் கட்டினார்கள். வண்டி எல்லாம் புதிய பாலத்துக்குத் திரும்பியது, சந்தையும் கூடவே நகர்ந்தது. பழைய பெரிய தெரு என்ன ஆகும்? ஊரிலேயே அகலமான தெரு, ஆனால் அதில் ஈ காக்கை இல்லை. முன்பக்கம் கடை வைத்த வீடுகள், கடைப்பலகைகளை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் கிழவர் ஒருவர் இன்னும் கடை நடத்துகிறார், வாடகை மலிவு, சரக்கு விசித்திரமானது. தெருவின் கோடியில் ஆற்றுக்குள் இறங்கும் கற்படி, படிக்கு அப்பால் தண்ணீரில் நான்கு மரக்கட்டை முளைத்து நிற்கும். இப்போது திருட்டுச் சாமான் விற்கிறவன் எங்கே இருப்பான் என்று நீங்களே சொல்வீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. அகலத் தெரு ஏன் காலியாக இருக்கிறது என்று எந்த என்பிசியும் வசனம் பேசவும் வேண்டியதில்லை.

சுவரும் அப்படியே. சுவர் கட்டியபோது ஊர் சின்னது, பிறகு வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை, வாசலுக்கு வெளியே வழியோரமாகக் குடிசை போட்டார்கள். விட்சர் 3 ஆட்டத்தின் நோவிகிராட் நகரத்தில் சுவருக்கு வெளியே ஃபார்கார்னர்ஸ் என்ற பேட்டை இருக்கிறதே, அது மாதிரி. சுவருக்கு உள்ளே நெருக்கம், வெளியே ஒரேயடியாகப் புல்வெளி என்று கத்தரித்த மாதிரி விட்டுவிடாதீர்கள்.

சதுரக்குதிரை:

இது நன்றாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சம்பவம் ஒன்றோடு நிறுத்துங்கள். தீ, வெள்ளம், போர், கொள்ளைநோய் எல்லாம் ஒரே ஊரில் வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது, உங்கள் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். சிலர் ஊரின் எண்ணூறு வருட வரலாற்றை எழுதி முடித்துவிட்டு மேப்பைத் தொடவே மாட்டார்கள்.

நிலவறை:

என்பிசிகளுக்குத் தினசரி அட்டவணை வைக்கப் போகிறீர்களா? உல்டிமா 5 ஆட்டத்திலேயே, அதாவது 1988-லேயே, ஊர்க்காரர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். ஆப்லிவியன் ஆட்டம் 2006-இல் அதைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது. ஸ்டார்டியூ வேலியிலும் நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் நடமாட்டம் மாறும். வைக்கப் போகிறீர்கள் என்றால் மேப்பை அலங்கரிப்பதற்கு முன்பே, வெறும் பெட்டிகளாக வீடுகளை வைத்து, ஆட்களை நடக்கவிட்டுப் பாருங்கள். மேப்பில் உள்ள பொய் எல்லாம் அப்போது வெளியே வரும். குடிநீர் எடுக்க ஒருத்தி ஊரின் மறுகோடிவரை நடக்கிறாள் என்றால் இன்னொரு கிணறு வேண்டும். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாலத்தில் மோதி நின்றால் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளுங்கள்.

சந்தையைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது, அட்டவணைக்கு உதவும். 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பிராக்டன் என்ற நீதிபதியின் பெயரில் வழங்கும் சட்ட நூலில், ஒரு மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான் என்று வைத்து, அதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. ஆகவே இரண்டு சந்தைகளுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு தூரமாவது, அதாவது ஏறக்குறைய பத்தே முக்கால் கிலோமீட்டர், இருக்க வேண்டும் என்று விதி. உலக வரைபடத்தில் ஊர்களை எங்கே வைப்பது என்பதற்கும் இது ஒரு அளவுகோல், சந்தை நாளில் காலையில் வாசல் பக்கம் கூட்டம், மதியம் சதுக்கத்தில் கூட்டம், பொழுது சாயும்போது காலி என்பதற்கும் இதுவே அடிப்படை.

பிக்சல்பூனை:

அட்டவணை வைக்கிறேன், ஆனால் முக்கியமான ஆறேழு பேருக்கு மட்டும். வழி தெரியாமல் போவதைப் பற்றி ஒரு கேள்வி. எனக்கு மினிமேப் (திரை ஓரத்தில் வரும் குட்டி வரைபடம்) வைக்க விருப்பமில்லை. முப்பரிமாணத்தில் கோபுரம் தூரத்திலிருந்து தெரியும், 17-க்கு 13 டைலில் எதைத் தெரியவைப்பது?

இரவுக்காவல்:

கெவின் லிஞ்ச் என்கிற நகரத் திட்டவியலாளர் 1960-இல் எழுதியதில், மனிதர்கள் ஊரை மனதில் வைத்துக்கொள்வதற்கு ஐந்து விஷயம் போதும் என்கிறார்: பாதை, விளிம்பு, பேட்டை, சந்திப்பு, அடையாளச் சின்னம். கேம் செய்கிறவர்கள் எல்லோரும் கடைசி ஒன்றையே பிடித்துக்கொண்டு கோபுரம் கோபுரமாக வைக்கிறோம். மேலிருந்து பார்க்கும் ஆட்டத்தில் உயரத்துக்கு மதிப்பில்லை, எனவே மற்ற நான்கில்தான் வேலை.

எனக்குப் பலன் கொடுப்பது தரை. வந்தவன் தெரு முழுக்கக் கல் பாவியது, இரண்டாம் வரிசை மண், ஆற்றோரம் பலகை. திரையில் ஒரு வீடுகூடத் தெரியாவிட்டாலும் கால்கீழே பார்த்து எந்தப் பேட்டை என்று சொல்லிவிடலாம். காலடி ஓசையையும் தரைக்கேற்ப மாற்றினால் இன்னும் நல்லது. அடுத்தது விளிம்பு: ஆறு எப்போதும் தெற்கே என்று முதல் ஐந்து நிமிடத்தில் பதிந்துவிட்டால் 'கீழே போனால் ஆறு' என்பதே திசைகாட்டி. சந்திப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விநோதம் வையுங்கள், முச்சந்தியில் உடைந்த சிலை, நாற்சந்தியில் ஒற்றை மரம். எல்லாச் சந்திப்பிலும் சிலை வைத்தால் ஒன்றும் வைக்காததற்குச் சமம். பட்டறைச் சுத்தியல் சத்தம், ஆலைச் சக்கரத்தின் இரைச்சல், இதெல்லாம் நெருங்க நெருங்கக் கூடினால் நன்றாக இருக்கும், எம்இசட்டில் அதற்கு ஒரு பிளகின் (கூடுதல் நிரல்) தேவைப்படும்.

ஆந்தைக்கண்:

மாயாஜால உலகம் என்றால் இந்தக் காரணகாரியம் எல்லாம் கழன்றுவிடாதா? தண்ணீரை மந்திரத்தால் வரவழைக்கலாம், நொடியில் வேறு இடத்துக்குத் தாவும் டெலிபோர்ட் இருக்கிறது, டிராகன் பறக்கிறது.

வரைகோல்:

காரணம் மாறும், கழலாது. டெலிபோர்ட் வட்டம் இருக்கிற ஊரில் அந்த வட்டம்தான் கோட்டைவாசல். சுங்கச்சாவடி, காவல், சத்திரம், வண்டிக்காரர்கள் எல்லாம் அதைச் சுற்றி உட்காருவார்கள், பழைய வாசல் பக்கம் வெறிச்சோடும். யாருக்கு டெலிபோர்ட் கட்டணம் கட்ட முடியாதோ அவர்கள்தான் அங்கே நடந்து வருவார்கள். டிராகன் வரும் ஊரில் உயரமான சுவர் கட்டுகிறவன் முட்டாள். வைக்கோல் கூரை இருக்காது, ஓடும் கல்லும்தான், எல்லா வீட்டுக்கும் நிலவறை இருக்கும், தெருவில் வாளியும் மணலும் தொங்கும், சதுக்கம் சின்னதாக இருக்கும், ஏனென்றால் திறந்தவெளியில் கூட்டமாக நிற்க யாருக்கும் மனம் வராது. தண்ணீர் மந்திரம் எல்லோருக்கும் தெரியுமா, நாலு பேருக்கு மட்டும் தெரியுமா? நாலு பேருக்கு மட்டும் என்றால் கிணற்றடி இருந்த இடத்தில் அவர்கள் வீட்டு வாசல், அங்கே வரிசை.

சதுரக்குதிரை:

எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டீர்கள், நான் சோதனை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மேப்பை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள், எதுவும் விளக்காதீர்கள், 'மருந்துக் கடைக்குப் போ' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். எந்த முனையில் தயங்குகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேப்பை மூடிவிட்டு ஊரை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவர் வரையாமல் விட்ட பகுதியில் நீங்கள் போட்ட பீப்பாய்களை எடுத்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள்.

பிக்சல்பூனை:

தங்கையிடம் கொடுத்துப் பார்க்கிறேன், அவள் ஆர்பிஜி விளையாடியதே இல்லை. இரவுக்காவல், தாங்குசுவருக்கு எம்இசட்டின் ஏ4 டைல் (சுவர்களுக்கான தொகுப்பு) போதுமா, தனியாக வரைய வேண்டுமா?

இரவுக்காவல்:

ஏ4 போதும், உயரத்தை ஒரு டைலோடு நிறுத்துங்கள், இரண்டு வைத்தால் மலைப்பாறை மாதிரி ஆகிவிடும். மேல்விளிம்பில் வேலி டைலை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சுவர் தரையோடு கலந்து தெரியும். படிகள் சுவரைச் சந்திக்கும் மூலையில் எம்இசட்டின் நிழல் பென்சிலால் அரை டைல் நிழல் விடுங்கள், உயர வித்தியாசம் அப்போதுதான் கண்ணுக்குப் படும்.